வேட்டி மடியில் நின்ற கேமரா

காசி யாத்திரைக்கு என்னுடைய கனத்த பழைய பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால், தான் வரப்போவதில்லை என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். விடுவேனா? இன்று வெள்ளனே அவளையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்காட்டிலிருந்து கோடைக்கானலுக்குப் புதுக் கேமரா வாங்க பஸ் ஏறினேன்.

கடைக்காரர் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமராக்களாக எடுத்து வைத்தார். நான் கேட்ட கேள்விகளில் மனுஷன் அசந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கனம் பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கேமராவை வேட்டி மடியில் செருகிக்கொண்டு கடைக்குள் விறுவிறுவென்று நடந்தேன். முதல் கேமரா வேட்டியையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

"அண்ணே, கழுத்துல மாட்ட வார் இருக்குண்ணே!" என்று கடைக்காரர் பதறினார்.

"கழுத்துல இது கெடந்தா, போற ஊர்ல மாலைய எங்க போடுவாங்க?" என்றேன்.

அடுத்தது குட்டி ஜெர்மன் கேமரா. ஒரு பக்க மடியில் கேமரா, மறுபக்கம் நீள லென்ஸ். காவடி மாதிரி சரியாக நின்றது!

அந்த லென்ஸை மாட்டி வாசலில் நின்று பார்த்தேன். பழனி மலையில் தீபாராதனை காட்டுவதே தெரிந்தது.

"வெளிய ஒரே பனிமூட்டமாக் கெடக்கு, என்னத்தப் பாத்தீங்க?" என்று கேமராவைப் பிடுங்கிய வீட்டுக்காரி, அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டுதான் கனமா? அப்ப நானும் வாரேன். ஆனா படம் நான்தான் எடுப்பேன். நீங்க போயி நில்லுங்க."

வாங்கியாயிற்று! இனி காசி வரைக்கும் எல்லாப் படத்திலும் நான்தான். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் எடுப்பாக இருப்பேன் என்று தெரிந்தவர்கள் வெரசாக ஒரு கார்டு போடுங்கள்.