கிளிமஞ்சாரோவுக்குத் துணை தேடி கடலூரிலிருந்து குமராட்சி வரை

இந்தக் கட்டுரையில் எரிமலை வரும். ஆனால் நான் அதில் ஏறியதாக எங்கும் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் இருக்கும் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவுக்காக இதுவரை நான் செய்த பயணம் மொத்தமும் கடலூர் மாவட்டத்துக்குள்தான். அந்த இரண்டு நாள் கதைதான் இது. எரிமலைக்குப் போக ஆள் தேடுபவர்களுக்கும், எந்த மாதம் போவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கும் பயன்படும்.

நான் கடலூரில் பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்தைந்து. இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் சேர்ந்த ஒரு குழுவோடு இமயமலைப் பக்கம் போனேன். 4,600 மீட்டரில் எனக்குத் தலை சுற்றியது. கூட வந்தவர்கள், "நீங்க மெதுவா வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, வழிகாட்டியோடு இறங்கி வந்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் எனக்காக நிற்கிற ஆள் இருந்தால்தான் மலை. கிளிமஞ்சாரோவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நிறுவனத்தில் விசாரித்தபோது, குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் தனிக்குழு, ஒற்றை ஆளாக வந்தால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடுவோம் என்றார்கள். ஆக, ஒரே ஒரு ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் மலை இல்லை.

அடுத்தது பருவம். அந்த மலையில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் முதல் அக்டோபர் வரையும் மழை குறைவு. ஏப்ரல், மே இரண்டும் கொட்டித் தீர்க்கும் மாதங்கள். எங்கள் கோடை விடுமுறை எப்போது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சியது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை மட்டும்தான்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை 6.40க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினேன். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 35 ரூபாய். கிளம்பும்போது கணவர் கேட்ட கேள்வி இது: "எரிமலைக்குப் போறவ எதுக்கு இவ்ளோ ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்க?" உச்சியில் பனி, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று விளக்கினேன். "அப்புறம் என்னா எரிமலை அது?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் செய்தித்தாளில் மூழ்கிவிட்டார். அவரை நான் ஆள் கணக்கில் சேர்க்கவே இல்லை. மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்கும்.

சிதம்பரத்தில் பார்க்கப் போனது ரமேஷை. என்னிடம் பத்தாவது படித்தவன், வயது முப்பத்தொன்று, தெற்கு வீதிப் பக்கம் ஜிம் வைத்திருக்கிறான். அவன் கை என் தொடை அளவு இருக்கும். கேட்ட மாத்திரத்தில் "வர்றேன் மிஸ்" என்றான். எந்த மாதம் என்றதும்தான் சிக்கல் ஆரம்பித்தது.

"ஆனில தேர் மிஸ், வடம் புடிக்காம இருக்க முடியாது. ஆடில புதுசா எதுவும் செய்யக்கூடாதுன்னு அம்மா சொல்லும். ஆவணில மச்சானுக்குக் கல்யாணம். புரட்டாசி ஓகே, ஆனா ஒரு மாசம் கறி கெடையாது. கறி இல்லாம என்னால மலை ஏற முடியுமான்னு தெரில."

புரட்டாசியில் பருப்பு சாப்பிட்டே ஏறலாம் என்று சமாதானம் செய்துவிட்டு, மினி பஸ் பிடித்துக் குமராட்சி போனேன். பதினைந்து ரூபாய். அங்கே என் கல்லூரித் தோழி ஜெயந்தி இருக்கிறாள். கணவர் துபாயில், நாலு ஏக்கர் நெல் இவள் பொறுப்பில். பருவதமலைக்கு என்னோடு மூன்று முறை வந்திருக்கிறாள். நான் போனபோது சம்பா அறுவடை முடிந்து, உளுந்து முளைத்திருந்த வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"செப்டம்பர் கடைசியா? அப்பதான்டி நடவு நடக்கும். ஆளு கெடைக்கறதே பெரும்பாடு. அத வுட்டுட்டு எரிமலைக்கு வர்றேன்னா ஊர்ல சிரிப்பாங்க."

"வேற வழியே இல்லியா?"

மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தாள். "நேரடியா வெதச்சா ஆவணிலயே வேல முடிஞ்சிடும். ஆனா களை ஜாஸ்தியா வரும், வெளைச்சல் கொறையும். யோசிக்கணும்."

மறுநாள் ஞாயிறு, மூன்று பேரும் திருவந்திபுரத்தில் பயிற்சி செய்து பார்ப்பது என்று முடிவானது. கடலூர், கடல் மட்டத்திலிருந்து தென்னை மர உயரம்கூட இல்லாத ஊர். அதன் அருகில் எங்களுக்குக் கிடைக்கும் மலை, திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் 74 படி உள்ள அந்தச் சின்னக் குன்றுதான். முதுகில் ஆளுக்கு எட்டு கிலோ அரிசியோடு 21 முறை ஏறி இறங்குவது என்பது திட்டம். ஜெயந்தி சனி இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினால் தெருவெல்லாம் மேளச் சத்தம். முகூர்த்த நாள், கோயிலில் வரிசையாகக் கல்யாணங்கள். ஆப்பிரிக்காவில் எந்த மாதம் மழை என்று பார்த்து வைத்திருந்த நான், திருவந்திபுரத்தில் என்றைக்குக் கல்யாணம் என்று பார்க்கவில்லை. இந்த ஊர்க்காரி செய்யக்கூடாத தப்பு. எரிமலைக்கென்று வாங்கிய பூட்ஸைக் கீழே செருப்புகளோடு விட்டுவிட்டு, வெறுங்காலில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே மூட்டையோடு ஏறினோம்.

நாலாவது சுற்றில் பூக்கார அக்கா கேட்டார். "எத்தினி தடவ நேந்துக்கிட்டீங்க?"

மூச்சு வாங்கியதில் விளக்கம் சொல்ல முடியவில்லை. "இருவத்தொன்னு" என்று மட்டும் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், எங்கள் வேண்டுதல் படிக்கட்டு முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மா என் காலில் தண்ணீர் ஊற்றினார். பூக்கார அக்கா பூக்கட்டிக்கொண்டே சத்தமாக எண்ணினார்.

பதினேழாவது சுற்றில், பாதிப் படியில் எனக்குக் கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். ரமேஷ் திரும்பிப் பார்த்தான். "நீங்க மெதுவா வாங்க மிஸ், நான் முடிச்சிட்டு வந்துடறேன்." ஏறிப் போய்விட்டான். நல்ல பையன்தான், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் அதே வார்த்தை. எனக்கு மறுபடியும் அந்தப் பாறை ஞாபகம் வந்தது.

ஜெயந்திக்கு மூச்சுகூட மாறவில்லை. இருந்தும் மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து பூக்கார அக்கா குரல் கொடுத்தார். "இன்னும் நாலுதாம்மா. நேந்துக்கிட்டத பாதில வுட்டா ஆவாது. ஒனக்கு நல்லாதான இருக்கு, நீயாவது ஏறு." கூட்டமே எங்களைப் பார்த்தது. ஒரு பெரியவர் உச்சுக் கொட்டினார்.

"பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்க்கா" என்றாள் ஜெயந்தி. சொல்லிவிட்டு என் தோளிலிருந்த அரிசியையும் தன் மூட்டையோடு சேர்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ரமேஷ் இருபத்தொன்றையும் முடித்து, ஒரு கல்யாண கோஷ்டியோடு செல்ஃபி எடுத்து, அவர்களோடேயே பந்திக்கும் போய்விட்டான்.

அன்றைய பயணத்தின் கடைசி இருபது நிமிடத்தைச் சொல்வதற்கு முன் சில உபயோகமான விஷயங்கள். ஏழு நாளுக்குக் குறைந்த ஏற்றத் திட்டத்தை எடுக்காதீர்கள், உடம்பு உயரத்துக்குப் பழக நேரம் வேண்டும். மலையின் பருவத்தைப் பார்க்கும்போதே கூட வருபவரின் பருவத்தையும் கேளுங்கள், விவசாயியிடம் தேதியை முடிவு செய்துவிட்டுப் போய்க் கேட்காதீர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கையின் அளவைப் பார்க்க வேண்டாம், நான் பார்த்துத்தான் ஏமாந்தேன். திருவந்திபுரத்தில் பயிற்சி என்றால் முதலில் நாட்காட்டியைப் புரட்டுங்கள். யாராவது கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள்.

திரும்பும்போது டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெயந்தி திடீரென்று கேட்டாள். "கலா, எனக்கு மேல போயி முடியாமப் போவுதுன்னு வெச்சுக்க. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான். நான் எறங்கறேன்றேன். நீ எறங்குவியா?"

"எறங்குவேன்" என்பது வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. இரண்டு வருடமாக என்னை விட்டுப் போனவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேனே தவிர, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது.

"எறங்குவேன்" என்றேன். "ஆனா கீழ வந்து சேர்ற வரைக்கும் உன்ன திட்டிக்கிட்டேதான் வருவேன்."

ஜெயந்தி சிரித்தாள். மடியிலிருந்த பதினாறு கிலோ அரிசியைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த வருஷம் நடவு இல்ல. ஆவணிலயே வெதச்சிடறேன்."