கியரில் விட்ட லொறி

லொறிக்கு வெளியே நின்றுகொண்டு லொறியை ஸ்டார்ட் பண்ணிய மடையன் நான்தான். வேறு யாரையும் தேட வேண்டாம்.

யுத்த காலம். பாலாவியில் உப்பு ஏற்றிக்கொண்டு கொழும்பு றோட்டில் ஓடுவது என் தொழில். எங்கள் பழைய லொறிக்குக் கைப்பிரேக் பேருக்குத்தான். ஆகவே எஞ்சினை நிறுத்தினால் உருண்டுவிடாமல் முதலாம் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது ஏறி உட்கார்ந்து, கிளச்சை மிதித்து, கியரை விடுவித்து, அதற்குப் பிறகுதான் சாவி. மற்ற ட்ரைவர்மாருக்கு இதைப் பாடமாக எடுத்தவனும் நான்தான்.

அன்று நோன்பு நாள். மூட்டை ஏற்றும் முஸ்லிம் அண்ணன், எங்கள் 'நானா', உதடு காய்ந்துபோய்ப் பக்கத்தில் இருந்தார். வீடு மதுரங்குளியில். பிள்ளைகளோடு நோன்பு துறக்க வேண்டுமென்று வழியெல்லாம் வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்டைக்காச்சும் நேரத்தோட கொண்டு உடுவியா தம்பி?"

"பாங்கு சொல்ல முந்தி வாசல்ல நிப்பீங்க நானா."

சோதனைச்சாவடியில் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, இறங்கி அடையாள அட்டையைக் காட்டினோம். சிப்பாய்கள் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். அரை நிமிடம் மிச்சம் பிடிக்கலாமென்று கீழே நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

கியரிலேயே கிடந்த லொறி என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மண் நிரப்பிய பீப்பா ஒன்றை முட்டிச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. துப்பாக்கிகள் நிமிர்ந்தன. என் கைகளும்தான்.

"யார் ஓட்டினது?" என்று சிங்களத்தில் அதட்டினார் அவர்களில் மூத்தவர்.

"ஒருத்தரும் இல்ல, சேர்."

சத்தியமான உண்மை. ஆனால் என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. மூட்டைகள் முழுவதையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கம்பி குத்திப் பார்த்தார்கள். இறக்கியது நாங்கள் இருவர். திருப்பி ஏற்றியதும் நாங்கள் இருவர். வியர்வையில் கரைந்த உப்பு முதுகை எரித்தது. பாதி ஏற்றியிருந்தபோது தூரத்துப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. நானா தோளிலிருந்த மூட்டையை வைத்துவிட்டு, என் போத்தலில் சூடேறிக் கிடந்த தண்ணீரில் நோன்பு துறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலை மூடித் தந்துவிட்டு அதே மூட்டையை மறுபடி தூக்கினார்.

கடைசி மூட்டை ஏறியபோது இருட்டிவிட்டது. நான் ஒழுங்காக ஏறி உட்கார்ந்து, கிளச்சை மிதித்து, கியரை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து ஸ்டார்ட் பண்ணினேன். எப்படியாவது சிரிக்க வைத்துவிடலாமென்று அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறுங்க நானா. இந்த முறை நானும் லொறிக்குள்ளதான் இருக்கிறன்."

"நான் பஸ்ஸுல போறன்."