ஒன்றரை மடங்கு விமானம்

ஒருவருடைய விமானம் விழவேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழெட்டு மாதம். காலையில் குளித்துத் திருநீறு பூசி விளக்கேற்றி, பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்ட அதே வாயால் இதையும் கேட்டேன். சாமியிடம் ஒளித்துப் பேச எனக்கு வராது.

அவர் எங்கள் கம்பெனியில் குவாலிட்டி ஆபீசர். நான் டூல் ரூமில், டை என்கிற உலோக அச்சுகள் செய்கிற இடத்தில், ஃபிட்டர். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். ஓசூர் வழியாக நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரிமோட்டில் இயங்கும் குட்டி விமானம் விடுவது அவருக்குப் பைத்தியம். தொரப்பள்ளி போகும் வழியில் ராகி அறுத்துவிட்ட ஒரு மேட்டு நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் விமானத்தோடு கூடுவார்கள். பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள். அவர் காரில் வருவார். நான் முன்னாடியே சைக்கிளில் போய் நின்று, அவர் விமானத்தை இறக்கி, இறக்கை மாட்டி, பெட்ரோல் மாதிரி ஒரு திரவம் ஊற்றிக் கொடுப்பேன். எனக்கும் ஆசைதான். என் சம்பளத்துக்கு அந்த ஆசை அவ்வளவு தூரம்தான் போகும்.

அவருடையது பழைய கிட் விமானம். வெட்டிய மரத்துண்டுகளும் ஒரு பெரிய வரைபடமும் பெட்டியில் வரும். நாமே ஒட்டிச் சேர்க்கவேண்டும். காலேஜ் நாளில் அவர் சேர்த்தது. சிவப்பு உடம்பு, இறக்கையில் மஞ்சள் பட்டை. ஒரு தடவை இறக்கை ஒடிந்தபோது வரைபடத்தோடு என்னிடம்தான் கொடுத்தார். சரிசெய்து கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும் முன் அந்த வரைபடத்தை ட்ரேஸ் பேப்பரில் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போது அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

ஆடி மாதம் வால் பக்கத்துக் கீல் தளர்ந்துவிட்டது. அதையும் நான்தான் மாற்றினேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப்போனார். "சார், பேட்டரி சார்ஜ் போட்டுருங்க" என்றேன். "போன வாரம் போட்டதே இருக்குப்பா" என்றார். மறுநாள் விமானம் இரண்டு சுற்றுப் போயிற்று. மூன்றாவது சுற்றில் மூக்கைக் கீழே போட்டு நேராக மண்ணில் குத்தியது.

ஓடிப்போய் முதலில் எடுத்தவன் நான். கீல் அப்படியே இருந்தது. வாலை அசைக்கிற மோட்டார்தான் பேட்டரி தீர்ந்து உயிரில்லாமல் தொங்கியது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவன்கிட்ட குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஒரு கீலு வைக்கத் தெரியல."

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். திங்கட்கிழமை டூல் ரூமுக்கு வந்து ஃபோர்மேனிடம் சொல்லியிருக்கிறார்: "அவனுக்குக் கை ஆடுது சார். டை வேலை எல்லாம் இனிமே அவன்கிட்டத் தராதீங்க." அந்த மாதம் ஒரு டை அளவு சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. யார் வேலை என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது போல ஆயிற்று. அடுத்த வாரம் என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பதினொரு வருஷம் கையால் தடவியே ஒரு தாள் கனம் கூடுதலா குறைவா என்று சொன்னவன், ஆணி அடிக்கப் போனேன். ஊரில் அப்பாவிடம் சொல்லவில்லை. வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, பேர் போயிற்று. ஃபிட்டருக்கு அதைவிட வேறு என்ன இருக்கிறது?

அப்போதுதான் ட்ரேஸ் பேப்பர் ஞாபகம் வந்தது. அதே விமானம், அதே சிவப்பு, அதே மஞ்சள் பட்டை, ஆனால் ஒன்றரை மடங்கு பெரிதாகக் கட்டவேண்டும். அவர் தலைக்கு மேல், இந்தக் கை கட்டியது என்று அத்தனை பேரும் பார்க்கப் பறக்கவேண்டும். டூல் ரூமில் என் இடம் எனக்குத் திரும்பி வரவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கேட்டேன். துண்டு துண்டாக வந்தது. ஒட்டிப் பார்த்தால் குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே ஒரு அளவு. தூக்கிப் போட்டுவிட்டு, கட்டம் போட்டு டிவைடரை வைத்து நானே வரைந்தேன். பர்கூரிலிருந்து வந்த கிரானைட் பலகை ஒன்று, மூலை உடைந்தது, சமையல் மேடைக்குப் போட்டதில் மிச்சம் வீட்டில் கிடந்தது. அதைவிடச் சமமான தளம் எந்த விமானக்காரனிடமும் இருந்திருக்காது. அதன் மேல் பேப்பரை விரித்து, மரத்தை வைத்து, குண்டூசிக்குப் பதிலாகப் பெரிய நட்டுகளைப் பாரம் வைத்து ஒட்டினேன். மரம் பேக்கிங் செக்‌ஷனில் கிடைத்தது. வெளிநாட்டு மெஷின்கள் வந்த பெட்டிகளின் பைன் சட்டம். முடிச்சில்லாத துண்டுகளாகப் பொறுக்கி, கேட் பாஸ் போட்டு எடுத்துவந்தேன். என்னை எந்த இடத்துக்குத் துரத்தினாரோ அந்த இடத்து மரத்திலேயே கட்டுகிறேன் என்பதில் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. இறக்கைக்குள் வரும் எலும்புகளுக்கு மட்டும் பால்சா என்கிற இலேசான மரத்தைப் பெங்களூரில் வாங்கினேன்.

முதலில் கட்டியது பாழ். எல்லா அளவையும் ஒன்றரையால் பெருக்கியிருந்தேன். நீளம், அகலம், மரத்தின் கனம், எல்லாம். ஃபிட்டர் புத்தி, போதாததற்கு உறுதி இருக்கட்டும் என்று அங்கங்கே கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தேன். இறக்கையைத் தூக்கிய என் மனைவி தொப்பென்று கீழே வைத்தாள்.

"ஏங்க, இது பறக்கிறதுக்கா, மாவாட்டறதுக்கா?"

மூன்று பக்கமும் ஒன்றரை ஆனால் எடை மூன்று பங்குக்கு மேல் ஆகிவிடும். இறக்கையின் பரப்போ இரண்டேகால் பங்குதான் கூடும். அது எப்படித் தூக்கும்? ஒரு இஞ்ச் இரும்புக் கட்டைக்கும் ஒன்றரை இஞ்ச் கட்டைக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரிந்தவன் நான். கோபத்தில் அது மறந்துபோயிற்று. பிரித்துப் போட்டேன். நீள அகலம் மட்டும் ஒன்றரை, மரத்தின் கனம் பழைய வரைபடத்தில் உள்ளதே என்று மறுபடி தொடங்கினேன். எலும்பு ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு எடையைக் குறைத்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் அவரைத் திட்டினேன் என்றால் பொய்யில்லை.

"சாமி முன்னாடி நிக்கிற மூஞ்சியா இது?" என்பாள் மனைவி. "அந்தாளுக்குன்னு ஒரு மணி நேரம், சாமிக்குன்னு அஞ்சு நிமிசம்."

"சாமிகிட்டயும் அந்தாளைப் பத்தித்தான் பேசறேன்."

"வெளங்கிரும்."

ஆனாலும் பிளாஸ்டிக் தாளை இறக்கை மேல் ஒட்ட இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள் அவள்தான். சூடு கூடினால் தாள் பொத்தலாகும், குறைந்தால் ஒட்டாது. பட்டுப்புடவை தேய்க்கிற கை. ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். மஞ்சள் பட்டை வரும் இடத்தில், "இன்னும் கொஞ்சம் அகலமா வைங்க, தூரத்துலேந்து தெரியணும்ல" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள்.

என்ஜினும் ரிமோட்டும் விமானம் விடுவதை நிறுத்திவிட்ட ஒருவரிடம் பெங்களூரில் பழசாக வாங்கினேன். அந்த ரிமோட்டை வைத்து வற்றிய ஏரிக்குள் தெர்மாக்கோல் விமானம் இரண்டை உடைத்துத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்து ரிமோட்டில் கிரிஸ்டல் என்று நகமளவு சாமான் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு நம்பர். ஒரே நம்பரில் இரண்டு ரிமோட் போட்டால் பறக்கிற விமானம் யார் பேச்சையும் கேட்காது, விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு போர்டு நட்டு, நம்பர் எழுதிய துணிக் கிளிப்புகளை மாட்டியிருப்பார்கள். உன் நம்பர் கிளிப் உன் கையில் இருந்தால்தான் ரிமோட்டைப் போடலாம். இறக்கிவிட்டுத் திருப்பி மாட்டவேண்டும்.

நான் வாங்கியது இருபத்திரண்டாம் நம்பர். அவருடையதும் இருபத்திரண்டு. அவர் செட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அதற்கு வேறு கிரிஸ்டல் இங்கே கிடைக்காது. என்னுடையதற்குப் பெங்களூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் வாங்கவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமானத்தின் மூக்கிலுள்ள விசிறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் விமானம் மேலே இருந்தது. நான் பழுது பார்த்த அதே விமானம்தான். வேறு யாரிடமோ கொடுத்து ஒட்டியிருந்தார். என் கையில் ரிமோட் இருந்தது. கட்டை விரலுக்கு அடியில் ஸ்விட்ச். ஒரு தள்ளு தள்ளினால் போதும். ஏழெட்டு மாதமாகச் சாமியிடம் கேட்டது விரல் நுனிக்கு வந்து நிற்கிறது. ஒரு கணம் இல்லை, நன்றாக ஒரு சுற்று அது போய் வரும்வரைக்கும் விரல் அங்கேயே இருந்தது.

விரலை எடுத்தேன். பயத்தினாலும் இல்லை, புண்ணியத்தினாலும் இல்லை. இப்போது விழுந்தால் அது மறுபடியும் என் கையால் விழுந்ததாகிவிடும். அதைத்தானே அவர் ஊரெல்லாம் சொன்னார்? ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

அவர் இறக்கியதும் போய்க் கிளிப்பை எடுத்தேன். போர்டைப் பார்த்துக்கொள்பவர் பெங்களூரில் ரிட்டையர் ஆன கன்னடக்காரர். என் விமானத்தைச் சுற்றி வந்தார்.

"இது சாரோட டிசைன் அல்லவா? யார் பண்ணது?"

"நான்தான் சார். ஒன்றரை மடங்கு."

"ரொம்ப நீட்டா இருக்குப்பா."

பத்தடி ஓடியதும் அதுவாகவே எழுந்தது. எரிபொருளில் கலந்திருக்கிற விளக்கெண்ணெயின் புகை வாசனை அடித்தது. பெரிய விமானம் என்பதால் காற்றில் மெதுவாக, கனமான ஆள் நடப்பதுபோலத் திரும்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கை காலி இல்லை.

"எவ்வளவு நேரம்பா?" ஆபீசர் குரல் என் முதுகுக்குப் பின்னால்.

"டேங்க் தீரணும் சார்."

"எவ்வளவு டேங்க்?"

"அதுவும் ஒன்றரை."

அவர் அணைத்த ரிமோட்டோடு நின்றார். நின்றுதான் ஆகவேண்டும். அன்றைக்கு எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அந்த மேட்டில் காற்று எழும்பிவிடும். பிறகு யாரும் விட முடியாது. அடுத்த ஞாயிறு விடிந்ததும் போய்க் கிளிப்பை எடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறும். எண்ணெய் ஊற்றுவேன், துடைப்பேன், விடுவேன், இறக்குவேன், மறுபடி ஊற்றுவேன். அவர் காரில் சாய்ந்துகொண்டு நிற்பார். வாரத்தில் அவருக்கு அந்த மூன்று மணி நேரம்தான்.

"ஏன்ப்பா, ஒரு கிரிஸ்டல் மாத்திக்கோ. சின்னச் சாமான்" என்றார் போர்டுக்காரர்.

"வாங்கணும் சார்."

அவர் ஆபீசரிடம் கையை விரித்தார். "நான் என்ன பண்றது சார்? ரூல் அந்த்ரே ரூல்."

ஏழாவது ஞாயிறு சாயங்காலம் ஆபீசர் என் வீட்டுக்கே வந்தார். மனைவி காபி கொடுத்தாள். ஒரு சின்னப் பெட்டியை மேசை மேல் வைத்தார். புதுக் கிரிஸ்டல் ஜோடி, ரிமோட்டுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று.

"உனக்காகத்தான் வாங்கினேன். போட்டுக்கோ."

"சார், அன்னிக்கு விழுந்தது எதனால?"

காபியைப் பார்த்தார். "பேட்டரியா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"பேட்டரிதான்."

"அதை டூல் ரூம்ல வந்து சொல்லுங்க. நான் இருக்கும்போது. தமிழ்ல, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

"ஒரு பிளேனுக்கா இவ்வளவு?"

கதவுப் பக்கம் நின்றிருந்த என் மனைவிதான் பதில் சொன்னாள். "பிளேனுக்கு இல்லீங்க சார். இவரு பதினொரு வருசம் நின்ன எடத்துக்கு."

பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மேலும் இரண்டு ஞாயிறு காரில் சாய்ந்து நின்றார். அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை, டீ வரும் நேரம், டூல் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஃபோர்மேனும் ஆறு ஃபிட்டர்களும் டம்ளரோடு நின்றார்கள்.

"அன்னிக்கு என் பிளேன் விழுந்தது இவர் வேலையால இல்ல" என்றார் ஆபீசர். கழுத்து சிவந்திருந்தது. "நான் பேட்டரி சார்ஜ் போடல. இவர் கையைப் பத்தி நான் சொன்னது தப்பு."

யாரோ டீயை உறிஞ்சுகிற சத்தம். ஃபோர்மேன் என்னைப் பார்க்காமல், "திங்கக்கெழம உன் பழைய எடத்துக்கு, உன் வைஸுக்கு வந்துருய்யா" என்றார்.

அன்றைக்குக் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அவர் விமானத்தைப் பற்றிய பிரார்த்தனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சாமியிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கிரிஸ்டல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. போட இரண்டு நிமிஷம் ஆகாது. விடிந்ததும் போய் இருபத்திரண்டாம் நம்பர் கிளிப்பைத்தான் எடுத்தேன். அவர் வந்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காரில் சாய்ந்து நின்றார். நான் டேங்க் நிறைய ஊற்றி, கடைசிச் சொட்டு தீரும்வரை அவர் தலைக்கு மேலேயே சுற்றினேன். பிறகு இறக்கி, கிளிப்பை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.

அந்த ஒரு தடவை மட்டும் அதிகம்தான். தெரிந்துதான் விட்டேன். அதற்கு நான் இன்றுவரை சாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.