மசகவும் மசக்கையும்

எனக்குத் தெலுங்கு வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் பேரம் பேசுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கேட்டு வாங்குவேன். கணக்குப் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவேன். ஆனால் நான் படித்ததெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழில். கல்யாணமாகிப் புத்தலப்பட்டுக்கு அருகில் வந்த பிறகு காதால் கேட்டுப் பழகிய தெலுங்கு இது. தேவைப்பட்ட சொற்களெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. இன்னும் தேவைப்படாதவை எவை என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

என் மாமியாருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அவருக்கு இரண்டும் ஒரே மொழி. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். நடுவில் எங்கே மாறினார் என்று கேட்டால், "நான் எங்கம்மா மாத்னேன், ஒரே மாரிதான பேசிக்கினு கீறேன்" என்பார்.

முதல் பிள்ளை. வயிற்றில் எட்டாவது மாதம் தொடங்கியிருந்தது. அதற்குள் நான் இரண்டு முறை வீட்டையே கலக்கியிருந்தேன். ஒரு முறை வாயுப் பிடிப்பைப் பிரசவ வலி என்று நினைத்து எல்லோரையும் சித்தூருக்குக் கிளப்பினேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மொச்சைக்கொட்டை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இன்னொரு முறை குழந்தை அசையவில்லை என்று அழுதேன். ஆட்டோவில் ஏறிய உடனே அது உதைக்க ஆரம்பித்தது. திரும்பும் வழியெல்லாம் என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். உடம்பில் எதுவாக இருந்தாலும் முதலில் இரண்டு நாள் பொறுப்பது, பிறகு சொல்வது.

அதனால்தான் தலைவலியைச் சொல்லவில்லை. நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. விடைத்தாள் திருத்தியதால் வந்தது என்று நினைத்தேன். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது, பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். கால் வீங்கி மெட்டி விரலில் புதைந்துவிட்டது. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் போராடிக் கழற்றினார். மெட்டியைக் கழற்றியதில் அவருக்கு மனசே ஆறவில்லை. வீக்கம் அவருக்குக் கவலையாகப் படவில்லை.

"கால்ல நீர் எறங்குனா பிரசவம் சுளுவா ஆவும். எனக்கும் இப்பிடித்தான் வீங்கிக்கினு இருந்துச்சி. நாலு பெத்தேன், ஒண்ணியும் ஆவல."

மழை பிடித்திருந்த வாரம் அது. மாதாமாதம் வீட்டுக்கு வரும் சுகாதார நிலைய நர்ஸ் வர முடியாமல் போனில் கூப்பிட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்ததால் மாமியார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் மழைச் சத்தம். நர்ஸ் அவசரமாக அடுக்கிக்கொண்டே போனார்.

"தலநொப்பி உந்தா? காள்ளு வாப்பு? மசக ஏமன்னா உந்தா?"

தலைவலி, கால் வீக்கம் இரண்டும் புரிந்தன. மூன்றாவதும் புரிந்துவிட்டது என்றே நினைத்தோம். மாமியார் என்னைப் பார்த்தார். நான் தலைவலிக்கு உதட்டைப் பிதுக்கினேன்; பெரிதாக இல்லை என்று அர்த்தம். மாமியார் பதில் சொன்னார்.

"வாப்பு கொஞ்செம் உந்தி சிஸ்டர். மசக லேது. அதி மூடோ நெலலோனே போயிந்தி."

மசக்கை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது என்று அவர் சொன்னது முழு உண்மை. எனக்கு வாந்தியும் குமட்டலும் அப்போதே நின்றுவிட்டிருந்தன. எட்டாம் மாதத்தில் மசக்கையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அக்கறையாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மழைச் சத்தத்தில் நர்ஸுக்கு 'லேது', இல்லை என்பது மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். புதன்கிழமை நிலையத்துக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதன்கிழமைக்கு முன்பே திருப்பதியில் ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருந்தது. மாமியாரும் நானும் காலையில் பஸ் ஏறினோம். மழை விட்டு வெயில் அடித்தது. திருப்பதியில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் பேச்சு ருசி உள்ளவர். அலிபிரி பக்கம் வண்டி திரும்பியதும் கையை நீட்டி மலையைக் காட்டினார்.

"ரெண்டு ரோஜுலுகா கொண்டந்தா மசக மசககா உண்டேதம்மா. ஈரோஜு சூடண்டி, எந்த பாகா கனபடுதோந்தோ."

இரண்டு நாளாக மலை முழுக்க ஏதோவாக இருந்தது, இன்று பாருங்கள், எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்கிறார். மாமியார் மலையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். மழை கழுவிய பாறை, அதில் ஒவ்வொரு மடிப்பும் தெரியுது பார் என்றார். நான் பார்த்தேன். ஈரத் துணியால் அரைகுறையாக அழித்த கரும்பலகைபோல் ஒரு சாம்பல் திட்டு மட்டும் இருந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் ஏறி இறங்கின.

"அத்த, மசகன்னா இன்னா?"

"மூட்டம்மா. பனி மூட்டம் போட்டா தெரியாது பாரு, அந்த மாரி. மங்கலு."

"அன்னிக்கி சிஸ்டரு போன்ல கேட்டாங்களே, மசக இருக்குதான்னு."

மாமியார் கூப்பிய கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மல தெரியல அத்த."

அவர் என் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்து விரல்களை விரித்தார். எத்தனை என்று கேட்கக்கூட இல்லை, நான் கண்ணைச் சுருக்கியதைப் பார்த்தது அவருக்குப் போதுமாக இருந்தது. முன்பக்கம் குனிந்து ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.

"ஸ்கேனு வத்து நைனா. பெத்தாசுபத்திரிக்கி போனீ. தொரகா."

ஸ்கேனை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். "வாயும் வயிறுமா இருக்கறவள வச்சிக்கினு மசகன்னு கேட்டா நான் இன்னான்னு நெனைப்பேன். கண்ணுன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா." பிறகு, "எட்டுல..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். எட்டாம் மாதத்தில் பிறக்கிற பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வது எனக்கும் தெரியும். என் பயமெல்லாம் அந்தச் சொல்லாத பாதியில் போய் நின்றது. அப்போதும் எனக்குள் ஒரு குரல், இதுவும் மொச்சைக்கொட்டையாக இருந்தால் எல்லோரும் சிரிப்பார்களே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்த நர்ஸ், இன்னொரு முறை பார்த்தார். பிறகு அடுத்த கையில் பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மட்டுமே பெரியவராக இருக்கக்கூடிய ஒரு டாக்டர் வந்தார். சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே மெதுவாகத் தட்டினார். கால் துள்ளி எழுந்து அவர் கோட்டில் இடித்தது. நான் உதைக்கவில்லை. உதைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. என் சொந்தக் கால், எனக்குத் தெரியாத யாருக்கோ பதில் சொன்னதைப்போல் இருந்தது.

"நரம்பெல்லாம் உஷாரா நிக்குது," என்றார் டாக்டர், தமிழும் தெலுங்கும் கலந்து. "இன்னும் கொஞ்ச நேரம் போனா வலிப்பு வந்திருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்கம்மா."

ஏன் வந்தேன் என்று சொன்னேன், மசகவையும் மசக்கையையும். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என் மாமியாரைப் பார்த்தார். மாமியார், "என்ன எதுக்குப் பாக்கற தாயே, நான் உள்ளதத்தான் சொன்னேன்" என்றார். டாக்டர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் அன்றிலிருந்து என் படுக்கைக்கு வரும்போதெல்லாம் விரலைத்தான் காட்டிக் கேட்டார்கள்.

பிறகு நடந்ததை நான் எவ்வளவு முயன்றாலும் வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அது உள்ளே போனபோது சித்திரை வெயிலை உடம்புக்குள் ஊற்றியதுபோல் தொண்டையிலிருந்து பாதம்வரை சூடு இறங்கியது. வலிப்பு வராமலிருக்க என்றார்கள். இன்னொரு ஊசி எனக்குப் போட்டார்கள். ஆனால் அது எனக்கானது இல்லை. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர வேண்டும், அதற்காக என்றார் டாக்டர். என் தொடையில் குத்திய மருந்து என் ரத்தத்தில் ஏறி, கொடி வழியாக உள்ளே போய், இதுவரை காற்றையே பார்த்திராத ஒரு நுரையீரலைத் தயார் செய்கிறது. ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அதை நினைத்துப் பார்த்தேன். தலைவலியோடும் அந்த நினைப்பு எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்க விட்டார்கள். அரிசி மில்லின் பெல்ட் ஓடுகிற மாதிரி, ஒரு நொடிகூடச் சலிக்காத சத்தம். எனக்கு இவ்வளவு நடந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியவே இல்லை.

எதனால் இப்படி வந்தது, நான் என்ன தப்பு செய்தேன் என்று டாக்டரிடம் கேட்டேன். உப்பா, வேலையா, பொறுத்துக்கொண்டதா.

"நீங்க ஒண்ணும் செய்யல. நஞ்சுக்கொடி ஆரம்பத்துல சரியா வேர் விடல. புள்ளைக்கு ரத்தம் போதலன்னு அது உங்க உடம்பு முழுக்க அழுத்தத்த ஏத்தி விடுது. அத வெளிய எடுத்தாத்தான் எறங்கும்."

வேறொருவர் இதைக் கேட்டால் பயந்திருப்பாரோ என்னவோ. நான் வியந்துபோய்ப் படுத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன்வரை இல்லாத ஓர் உறுப்பு. பிள்ளைக்காக என் உடம்புக்குள் முளைத்தது. பிள்ளைக்குப் போதவில்லை என்று என்னையே நெருக்கியது. அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அழுத்தம் ஓரளவு கட்டுக்குள் வந்ததும், மறுநாள் பகலில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ கைகள் ஒன்றோடொன்று மோதாமல் வேலை செய்தன. ஒருவர் கேட்பதற்கு முன்பே இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். என் தலைமாட்டில் நின்ற நர்ஸ் என் நெற்றியில் கை வைத்து, "பயப்படகு தல்லி", பயப்படாதே தாயே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழுகை கேட்டது. நான் எதிர்பார்த்த அளவு பெரிய அழுகை இல்லை. பூனைக்குட்டி கூப்பிட்டதுபோல் ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். ஆடப்பில்ல என்றார்கள். பெண் குழந்தை. கன்னத்தில் ஏதோ ஈரமாக, இளஞ்சூடாக வைத்தார்கள். முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. மூக்கின் நுனி என் மூக்கில் பட்டதை உணர்ந்தேன். உடனே கொண்டுபோய்விட்டார்கள்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அவளை வைத்திருந்தார்கள். சீக்கிரம் பிறந்த பிள்ளைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடும் என்று அங்கே தெரிந்துகொண்டேன். மறந்தால் மணி அடிக்கும். நர்ஸ் வந்து உள்ளங்காலை விரலால் சுண்டுவார். அவளுக்கு ஞாபகம் வந்து மறுபடி மூச்சு விடுவாள். முதல் நாள் அந்த மணியைக் கேட்டபோது என் உயிர் போய் வந்தது. தினம் தினம் அடித்தது.

சில நாளில் அவளை என் மார்பில், தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டி உட்கார வைத்தார்கள். இது மருந்துக்குச் சமம் என்றார் நர்ஸ். என் சூடுதான் அவளுக்குச் சூடு. என் மார்பு ஏறி இறங்குவதைத் தொட்டுத் தொட்டுத்தான் அவளுக்கும் மூச்சு நினைவுக்கு வருமாம். அவளுடைய காது என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நான் சீராக மூச்சு விட்டேன். சரியாக விடுகிறேனா, வேகமாக விடுகிறேனா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே விட்டேன்.

ஒரு மதியம் எனக்கு மறுபடி அழுத்தம் ஏறி மாத்திரை கொடுத்து அங்கேயே ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று கேள்வி வந்தது. பாப்பாவின் அப்பா இருக்கிறாரே என்றார் நர்ஸ். சேதி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் குழந்தையை அவர் மார்பில் வைத்துத் துணியால் கட்டினார். படுக்கையிலிருந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். "இத்தன வயசுக்கு இவன் சட்டையக் கயட்டிட்டுச் செஞ்ச மொத வேல இதான்," என்றார். பக்கத்து நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. திரும்பவும் இல்லை. கண்ணை மட்டும் கீழே தாழ்த்தி அந்தச் சின்னத் தலையைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. அசைந்தால் உடைந்துவிடுவாள் என்று பயம்.

நர்ஸ் அவரைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு அருகில் போய் அவர் முதுகில் மெதுவாகத் தட்டினார்.

"ஊபிரி தீசுகோ நைனா. நூவு ஆப்பித்தே பாப்ப கூடா ஆப்புதுந்தி."

நீ மூச்சு விடு, நீ நிறுத்தினால் பாப்பாவும் நிறுத்திவிடுவாள். அவர் இவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சரியாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டினேன். அவர் மெல்ல மூச்சை இழுத்தார். அவர் மார்பு உயர்ந்தது. அதன்மேல் கிடந்த அவளும் உயர்ந்தாள். அவர் விட்டார், அவளும் தாழ்ந்தாள். அன்று மாலைவரை மணி அடிக்கவில்லை.