இரண்டு அங்குலம் கழித்து

டேப் முப்பது என்று காட்டினால் தையலக்கா நோட்டில் இருபத்தெட்டு என்று எழுதுவார். முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டால் முகம் மாறும். வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே அக்கா சமாதானம் சொல்வார்: "பயப்படாதீங்க, இந்த டேப்புக்கு ரெண்டு இன்ச் தலை கிடையாது." பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாவாடையை வெட்டும்போது அடியில் கிடந்த டேப்பையும் சேர்த்து வெட்டிவிட்டார். நாளைக்குப் புதிது வாங்கலாம், இன்றைக்கு மனசுக்குள் கழித்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது. அந்த நாளை வரவே இல்லை. இப்போதெல்லாம் யோசிப்பதுகூடக் கிடையாது, கை தானாகக் கழித்து எழுதிவிடுகிறது.

தையல் மிஷின் முன்னறை ஜன்னலோரம். துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். தட்டுகளை எடுத்துத் துடைத்ததும் துணி ஏறும், துணி இறங்கியதும் தட்டு ஏறும். சோற்றில் நூல் கிடந்தால் அந்த வீட்டில் யாரும் புகார் சொல்வதில்லை, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். நூல் சுற்றிய பாபின்கள் பிஸ்கட் டின்னில், சாக்பீஸ் துண்டுகள் கைப்பிடி உடைந்த கோப்பையில். கத்தரிக்கோல் மட்டும் ஜன்னல் கம்பியில் தனியாகத் தொங்கும். துணியைத் தவிர வேறெதையும் அது தொடக்கூடாது. அதை எடுத்து யாராவது பால் பாக்கெட் வெட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க அக்காவுக்குப் பேச்சே வராது.

அளவெடுக்கும்போது பாதிப் பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். மீதிப் பேர், அடுத்த மாதம் இளைக்கப்போகிறேன், பிடித்தாற்போல் தையுங்கள் என்பார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஆனால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் தையலுக்கு உள்ளே மடித்து வைத்துவிடுவார், கீழ் மடிப்பிலும் தாராளமாக விடுவார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் தயங்கித் தயங்கி வந்து நிற்கும்போது, "உள்ள விட்டிருக்கேன்" என்று வாங்கிக்கொள்வார். வேறு ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

அக்காவுடைய வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதம் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். இரண்டாவது மாதம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டினார். மூன்றாவது மாதம் அக்கா தன் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கியதுதான் தாமதம், பின்னறையைக் காலி செய்து தையல் அறையாக்கிவிட்டார். உயரமான வெட்டு மேசை, நூலுக்கு வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு டிராயரிலும் சீட்டு: ‘பட்டன் – வெள்ளை’, ‘பட்டன் – நிறம்’, ‘கொக்கி’, ‘இதர’. அக்கா திரும்பி வந்தபோது தன் ஊசியைத் தானே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் கை வைத்தார். சரியாக முழங்கை உயரம். இத்தனை வருஷம் குனிந்து குனிந்து வெட்டிய முதுகுக்கு அது உடனே புரிந்தது. அக்கா சமையலறையில் நின்றபோது ஜாடையாக அளந்திருக்கிறார் மனிதர்.

ஆணி ஒன்றில் புத்தம்புது மஞ்சள் டேப் தொங்கியது. பழையது குப்பை வண்டியில் போய்விட்டது. "தலையில்லாத டேப்பை வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் மல்லுக்கட்டுவே" என்றார் அவர், பரிசு வாங்கிவந்த முகத்தோடு.

மறுநாள் வந்தவள் எதிர்வீட்டு நெட்டைப் பெண். திங்கட்கிழமை முதல் வேலையில் சேரப்போகிறாள். கடையில் விற்கிற எந்த பேண்ட்டும் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். "ஆத்துல இறங்கப் போறியான்னு கேப்பாங்கக்கா. கணுக்கால் தெரியாம இருந்தாப் போதும்" என்றாள். நீளத்துக்கு டேப் நாற்பத்திரண்டு காட்டியது. அக்காவின் கை நாற்பது என்று எழுதியது, இடுப்பளவிலும் அப்படியே கழித்தது. வெட்டும்போது துணி மிஞ்சியது. துணிக்கடைக்காரர் தாராளமாகக் கிழித்திருக்கிறார் என்று அக்கா சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் கொக்கி மாட்டவில்லை. கீழே இரண்டு கணுக்காலும் பளிச்சென்று தெரிந்தன. முழங்காலை லேசாக மடக்கி, பேண்ட்டை நீளமாகக் காட்டப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் அக்கா நோட்டை எடுத்துப் புரட்டினார். ஆணியில் தொங்கிய மஞ்சள் டேப்பை ஒரு தரம் பார்த்தார், விளங்கிவிட்டது: தலையுள்ள டேப்புக்கும் கை பழையபடி கழித்திருக்கிறது.

"தப்பு என்னோடது. இங்கேயே உக்காரு" என்றார். பக்கத் தையல்களைப் பிரித்து ஓரத்தில் ஒரு நூலளவு மட்டும் வைத்துத் தைத்தார். கீழ் மடிப்பை முழுக்க இறக்கி, மிஞ்சிய துணியை உள்பக்கம் பட்டையாக வைத்து முடித்தார். பழைய மடிப்பின் தடம் மறையும்வரை ஈரத்துணி போட்டுத் தேய்த்தார். சாயங்காலம் அந்தப் பெண் கண்ணாடி முன்னால் முழங்காலை நிமிர்த்தி நின்றாள். பேண்ட் செருப்பைத் தொட்டது. அவள் இங்கும் அங்கும் நடந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா அப்போதுதான் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார்.

"இதுல உள்ள ஒண்ணும் இல்ல, பாத்துக்க. எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அவள் போனதும் வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார். அரை நாளாக உள்ளே பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. அறையில் ஏதாவது கோளாறா, மாற்றணுமா என்று விசாரித்தார். நிஜத்தைச் சொன்னால் மனிதர் இனி ஓர் ஆணியைத் தொட மாட்டார், திரும்பவும் விளம்பரம் படிக்க உட்கார்ந்துவிடுவார் என்று அக்காவுக்குத் தெரியும்.

"மேசை ரொம்ப சௌகரியமா இருக்குங்க" என்றார்.

அவர் தலையாட்டிக்கொண்டு டீ போடப் போனார். அக்கா மஞ்சள் டேப்பை மேசைமேல் நீட்டி வைத்து, துணியைத் தவிர எதையும் தொடாத அந்தக் கத்தரிக்கோலால் முதல் இரண்டு அங்குலத்தை நறுக்கினார். நறுக்கிய துண்டை ‘இதர’ என்று சீட்டு ஒட்டிய டிராயரில் போட்டு, சத்தம் வராமல் மூடினார்.