தூண்களின் விசில்காரர்

ட்ரிஃபோனாஸ் கனெலோபுலோஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மலையுச்சியில் இருக்கும் அப்பொல்லோ கோயிலுக்கு அவர்தான் காவல். டிக்கெட் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் பூனை படுத்திருக்கும். அவர் கோயிலைச் சுற்றிக்கொண்டே இருப்பார். யாராவது படிக்கல்லில் உட்கார்ந்தால் விசில். தூணைத் தொட்டால் விசில். ஜெர்மன்காரர்களுக்கும் அடித்தார், பிஷப்புக்கும் அடித்தார். காப்பிக்கடை பனாகோஸ் கல்யாணத்தன்று மணப்பெண்ணைத் தூணில் சாய்த்துப் படமெடுக்கப் பார்த்தபோதும் அடித்தார்.

"உன் பொண்டாட்டி உன்மேல சாயட்டும்டா. இது ரெண்டாயிரத்து நானூறு வருஷமா நிக்குது, அதையும் சேத்துத் தள்ளிப்புடாத."

ஊரே சிரித்தது. பனாகோஸ் சிரிக்கவில்லை.

அடிவாரத்து ஊருக்கு அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் பெயர் 'விசில்காரன்' ஆகிவிட்டது. அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாளான பெயர்நாள் பனிக்காலத்தில் வரும். மற்றவர்கள் இனிப்போடு வீட்டைத் திறந்து வைப்பார்கள், அவர் அன்றும் மலைமேல் நடந்துகொண்டிருப்பார். மனைவி இறந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மகள் வீட்டுக்கு என்று மட்டும் ஊரில் சொல்லிவிட்டுப் பாத்ராஸ் நகரத்துக்குப் போனவர், மாசி மாதக் குளிரில் அங்கே ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷனுக்கு மறுநாள் இறந்தார். மகள் பொலிக்சேனி பாலம் கட்டும் இன்ஜினியர். செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். அவர் கேட்டுக்கொண்டபடி பிறந்த ஊரில், அவர் பெற்றோர் பக்கத்தில் புதைக்க ஏற்பாடு. கம்பத்தில் ஒட்டும் சாவு நோட்டீஸுக்கு அச்சகக்காரர் கேட்டார்: "பட்டப்பேர் ஏதாச்சும் அடைப்புக்குறிக்குள்ள போடணுமா? உங்க பக்கம் போடுவாங்களே."

"வேண்டாம். முழுப் பேர் போதும்."

ஒரு மனுஷனைக் கடைசியாக அனுப்பும்போதாவது கேலிப் பெயர் வேண்டாம் என்று நினைத்தாள். அடிவாரத்து ஊரின் சதுக்கத்துக் கம்பத்தில் தன் கையாலேயே ஒட்டினாள்.

அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாதிரியார், சில சொந்தக்காரர்கள், பெட்டி தூக்கக் கூலிக்கு வந்த ஆட்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தின் வரைபடத்தை விரிப்பாள், சுருட்டுவாள். காரை எடுப்பாள், பாதி வழியில் திருப்புவாள். அவ்வளவு வெறுத்தார்களா அவரை? வரும் ஞாயிறு நாற்பதாம் நாள் பூசை, அடிவாரத்து ஊர்த் தேவாலயத்தில். அவித்த கோதுமையைப் பங்கிடுவார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாமல் தட்டை அப்படியே காருக்குத் தூக்கி வர வேண்டியிருக்குமோ? ஞாயிற்றுக்கு முன்னால் பதில் தெரிந்தாக வேண்டும்.

காப்பிக்கடைக்குள் நுழையத் தைரியம் வரவில்லை. ஊரைத் தாண்டி நேரே மலைக்கு ஓட்டினாள்.

மேலே காற்று அறைந்தது. கோயிலை மழையிலிருந்து காக்க எண்பதுகளில் போட்ட வெள்ளைக் கூடாரம் படபடவென்று அடித்துக்கொண்டது. தற்காலிகம் என்று போட்டது. 'கடவுளே வாடகைக் கொட்டகையில இருக்காரு, நீ சொந்த வீடு கேக்கறியா' என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். பொலிக்சேனியின் கண் பழக்கத்தில் இரும்புக் கயிறுகளின் இழுவையைப் பார்த்தது. எதுவும் மனதில் நிற்கவில்லை.

சுற்றி நடந்தாள். இதே மலையில் வெட்டிய சாம்பல் சுண்ணாம்புக்கல். முன்னால் ஆறு தூண், பக்கத்தில் பதினைந்து. மற்றக் கோயில்கள் கிழக்கே பார்க்கும், இது வடக்கே பார்க்கிறது. கிழக்குச் சுவரில் தனியாக ஒரு வாசல். 'சாமி சூரியனைப் பக்கவாசல் வழியா வரச்சொன்னாரு' என்பார் அப்பா. உள்ளே, இலை செதுக்கிய தலையோடு ஒரே ஒரு தூண் நின்றதாம். அந்த வகையில் தெரிந்தவற்றுள் அதுதான் மூத்தது. சுவர்மேல் ஓடிய போர்ச் சிற்பங்கள் லண்டனில் இருக்கின்றன. கொள்ளைநோயில் கைகொடுத்ததால் இந்த அப்பொல்லோவுக்கு 'உதவிக்கு வந்தவர்' என்று பெயர். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'தூண்களுக்குப் போறேன்' என்பார்கள்.

அவள் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தாள். விசில் வரவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, தொடக்கூடாது!"

வண்டி நிறுத்துமிடத்தில் தேன் விற்கும் அசிமினா. கிட்டே வந்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அட, பொலிக்சேனி புள்ளையா? உங்கப்பன் இருந்தா இந்நேரம் காது கிழிஞ்சிருக்கும். எப்படி இருக்கான் விசில்காரன்? பாத்ராஸ்ல எந்தச் செவுத்தைக் காவல் காக்கறான்?"

குத்திக்காட்டுகிறாளா என்று பொலிக்சேனி அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை.

"அப்பா செத்துட்டார் அத்தை. சதுக்கத்துல நோட்டீஸ் ஒட்டினேனே."

"எந்த நோட்டீஸ்?"

"ட்ரிஃபோனாஸ் கனெலோபுலோஸ்."

அசிமினா வாயைப் பொத்திக்கொண்டாள். "மலைக்கு அந்தாண்ட கீழூர்ல கனெலோபுலோஸுங்க நெறைய, அதுல எவனோன்னுல்ல நெனச்சோம். எண்ணெய் ஆலைக் கிழவனா இருக்கும்னு பேசிக்கிட்டோம். அவங்களோட நமக்குப் போக்குவரத்து இல்லையே." அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்கு ட்ரிஃபோனாஸ்னா பேரு?"

பொலிக்சேனி தலையசைத்தாள். அசிமினா தோள்பையில் தேன்பாட்டில்களுக்கு நடுவே போனைத் தேடி எடுத்தாள்.

"பனாகோ, நின்னுட்டிருந்தா உக்காரு. விசில்காரன் போயிட்டான்டா. ஆமா, நம்ம விசில்காரன்தான். நோட்டீஸ்ல இருந்தது அவன்தானாம். பொலிக்சேனி இங்கதான் நிக்கறா."

போனுக்குள் தாயக்கட்டை உருளும் சத்தம் நின்றது. "அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்று பனாகோஸின் குரல் மட்டும் கேட்டது.

"பொலிக்சேனி, படிச்ச கழுதையே, எங்க ஆளை எங்களுக்குச் சொல்லாம மண்ணுல வெச்சியா? பொட்டிய யாரு தூக்கினா?"

"கூலிக்கு ஆள் வெச்சேன் மாமா."

"கூலிக்கு." பனாகோஸ் குரலை உயர்த்தினார். "நாங்க இத்தனை பேர் தோளோட இருக்கோம். கூலிக்காம். ஞாயித்துக்கிழமைக்கு எவ்வளவு கோதுமை போடற?"

"ஒரு கிலோ."

"அது என் கடை வாசலுக்கே காணாது. சாக்குல வாங்கு. என் வீட்டுக்காரி வந்து அவிச்சுக் குடுப்பா. உனக்கு உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னவோ. இரு, இங்க ஒருத்தன் போனைப் புடுங்கறான்."

அடுத்தவர் தன் பங்குக்குத் திட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் காத்திருப்பது கேட்டது. கூடாரத்தின் படபடப்பில் ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று, பொலிக்சேனி ஒரு காதைப் பொத்திக்கொண்டு டிக்கெட் அறைச் சுவரோரம் ஒதுங்கினாள்.