முன்குரல் எடுத்தவர்

ஒருவர் மனம் விரும்பித் தந்த பாட்டை, அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் அழித்துவிட இன்னொருவருக்கு உரிமை உண்டா? சென்ற தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில், சாம்பல்தீவுக் கடற்கரையில், கைத்தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடு நான் நின்றேன். நிதானமாக யோசிக்கவேண்டிய கேள்விதான். ஆனால் நிதானம் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசற் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, எங்கட ஊர்ச் சத்தமெல்லாம் கேக்கிற அந்த ஆப், நீங்கள் செய்ததோ?”

“ஓம். நீங்கள்?”

“ஒரு ரசிகன் எண்டு வையுங்கோவன்.” சிரித்தார். “அதில வலை இழுக்கிற பாட்டொண்டு இருக்கெல்லோ, இடிமுழக்கப் பாட்டு. திருப்பித் திருப்பிக் கேக்கிறன். ஆர் பாடினது?”

“கயிறு இழுத்த எல்லாரும் சேர்ந்து பாடினது, அண்ணன்.”

“சேர்ந்து பாடினது ஏலேலோ மட்டும்தானே. மிச்சமெல்லாம் ஒராளின்ர குரல்.”

“நாங்கள் பேர் போடுறேல்லை. அது எங்கட ஒழுங்கு.”

“நல்ல ஒழுங்கு,” என்று தலையாட்டினார். வீட்டின் யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “தனியவோ இருந்து வேலை செய்யிறியள்?”

“அப்பா உள்ளுக்கு நித்திரை,” என்றேன். அப்பா மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்.

“எழுப்பாதேங்கோ, பாவம்.” தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். “உங்கட பாட்டுக்காரர் இண்டைக்குக் கரைவலைக்குப் போகேல்லையாம். சின்னப் போட்டில தனியத்தான் கடலுக்குப் போயிருக்கிறாராம். தனியப் போறவைக்குப் பாட்டுத் துணை எண்டு சொல்லுறவை. வரட்டோ?”

அவர் போனபின்பே எனக்கு விளங்கியது. பாடியவரின் பெயரைக் கேட்க அவர் வரவில்லை. பெயர் தெரியும் என்று சொல்ல வந்திருந்தார். படலைக் கொளுக்கியைப் போட்டேன். அதன்பின்பும் கொளுக்கியிலிருந்து கையை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கைத்தொலைபேசிச் செயலிகள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊர்ச் சத்தங்களுக்கான செயலி தொழிலுக்காகச் செய்ததன்று. துறைமுகக் கப்பல்கள் ஊதும் ஓசை, பள்ளிவாசலின் பாங்கு, கோவில் மணி, தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகை, மீன் சந்தையின் ஏலக் குரல், நகரத்து மான்கள் குப்பைத் தொட்டியைப் புரட்டும் சத்தம் என்று எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் பதித்து, எந்த ஊரில் இருந்தும் கேட்கக்கூடியதாகச் செய்திருந்தேன். ஒருவர் இன்னொருவரின் சத்தத்தைப் பொறுமையாகக் கேட்கப் பழகினால் இந்த மாவட்டத்தில் சில விடயங்களாவது இலகுவாகும் என்று பல்கலைக்கழக நாட்களிலிருந்தே நம்பி வந்தவள் நான். அந்த நம்பிக்கை குழந்தைத்தனமானது என்று சொன்னவர்கள் உண்டு. குழந்தைத்தனமானது என்று நினைத்தேனே தவிர, ஆபத்தானது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

கரையில் நின்று கயிற்றால் வலையை இழுப்பவர்களின் கரைவலைப் பாட்டு என்னை ஈர்த்ததற்கு என் தொழிலும் ஒரு காரணம். கயிற்றை இழுப்பவர்கள் திருப்பிச் சொல்லும் ‘ஏலேலோ’ மாறுவதில்லை. முன்குரல் எடுப்பவர் மட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வரியை அந்த இடத்திலேயே கட்டவேண்டும். மாறாத ஒன்றைச் சுற்றி மாறுவது ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுதும் நிரல்களின் அமைப்பும் ஏறத்தாழ அதுதான். ஒரு வேறுபாடு: என் நிரலில் வரும் மாற்றங்களை நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பேன். முன்குரல்காரருக்கு அடுத்த வரி எதுவென்று, வாய் திறக்கும்வரை தெரியாது. படைப்பு என்ற சொல்லை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். நேரில் கண்டது அந்த மணலில்தான்.

அங்கே ஒரு வழக்கமும் உண்டு. கயிறு கையில் இருக்கும்வரை முன்குரல்காரர் யாரைப் பற்றியும் எதையும் பாடலாம். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைப் பாடலாம், பக்கத்தில் இழுப்பவனின் காதலைப் பாடலாம். எல்லோரும் சிரிப்பார்கள், பாடப்பட்டவர் உட்பட. மீன் நிறைந்த வலை மடி கரையேறியதும் அந்தப் பேச்சும் முடிந்துவிடும். பிறகு அதை ஒருவரும் எடுத்துக் கதைப்பதில்லை, கோபிப்பதும் இல்லை.

நான் பதிவு செய்த நாளில் முன்குரல் எடுத்த அண்ணன் பாடியது இது:

மழையுமில்லை மின்னலில்லை – ஏலேலோ
கடலுக்குள்ள இடிமுழக்கம் – ஏலேலோ
சிவப்புக்கோடு போட்ட வள்ளம் – ஏலேலோ
போற பக்கம் செத்த மீனு – ஏலேலோ

கடலில் டைனமைட் வெடித்து மீன்பிடிப்பவர்களைப் பற்றிய பாட்டு. சிவப்புக் கோட்டுப் படகு யாருடையது என்று கயிற்றைப் பிடித்திருந்த எல்லோருக்கும் தெரியும். சம்மாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றே நான் அண்ணனிடம் கேட்டேன். “இதை ஆப்பில போடலாமோ? பிரச்சினை வராதோ?”

“போடுங்கோ தங்கச்சி. டோகாவில இருக்கிற என்ர மச்சான் கேக்கட்டும். நான் பாடத் தெரியாதவன் எண்டு கலியாண வீட்டில வைச்சுச் சொன்னவன்.”

“அந்த வள்ளக்காரர்?”

“இது கயிற்றுக் கதை. கயிற்றுக் கதைக்கு ஒருத்தரும் கோவிக்க ஏலாது.”

வழக்கமும் பாட்டோடு சேர்ந்து தொலைபேசிக்குள் வந்துவிடும் என்று அவர் நம்பினார். பெயரை நீக்கி, இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நான் நம்பினேன். அந்தக் கரையில் ஒரு முன்குரல் என்பது முகத்தைப் போன்றது. பெயரை மறைத்து நான் மறைத்தது ஒன்றுமில்லை.

பாட்டுப் பரவியது. டைனமைட்டுக்கு எதிராக இயங்கும் எங்கள் சிறிய குழு எழுதிய மனுக்களை வாசிக்காதவர்களும் அதைக் கேட்டார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த என் தோழிதான் குழுவை நடத்துபவள். அன்று படலைக்கு வந்தவர் போனதும் நான் முதலில் அண்ணனுக்கு அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அடுத்ததாகத் தோழிக்கு அழைத்தேன்.

“இப்ப பாட்டை எடுத்துட்டா, நாங்க பயந்துட்டம் எண்டு கதை வரும்,” என்றாள். “அந்தப் பாட்டு கச்சேரியில இருக்கிற அரசாங்க அதிகாரிகள் வரைக்கும் போயிருக்கு. பெரிய ஆக்கள் வாய் திறக்கிறதே இப்பதான்.”

“வந்தவர், பாடின அண்ணன் தனியக் கடலில நிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.”

“வெருட்டுறாங்க. வெருட்டத்தான் செய்வாங்க.”

“வெருண்டுதான் கதைக்கிறன்.”

“அவருக்கிட்ட கேளுங்க. பாட்டு அவர்ர. நீங்களும் நானும் முடிவெடுக்க ஏலாது,” என்றாள். அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் அது எனக்கு உதவவில்லை.

பொலிசுக்குப் போவதைப் பற்றியும் யோசித்தேன். முறைப்பாட்டில் முதலில் எழுதவேண்டியது அண்ணனின் பெயராகவே இருக்கும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சாம்பல்தீவுக்குப் புறப்பட்டேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கினேன். முந்திப் போனவர்களில் ஒருவர் பாண் விற்பவர், ஒருவர் மகளை வகுப்புக்கு ஏற்றிப்போகும் தகப்பன். ஒவ்வொருவரையும் படலைக்கு வந்தவராகவே கண்டேன். சத்தங்களைச் சேகரிக்கும் எனக்கு, ஒரு சத்தம் இவ்வளவு பயத்தைத் தரமுடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அண்ணனின் மனைவி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “வாங்கோ, வாங்கோ. இவரின்ர குரல் போனுக்குள்ள போன நாள் தொடக்கம் இந்த வீட்டில கதை இல்லை, பாட்டுத்தான். சோறு கேக்கிறதும் பாட்டிலதான்,” என்று சிரித்தார்.

நான் விடயத்தைச் சொன்னேன். கையிலிருந்த உடுப்பை அவர் கொடியில் போடாமல் மடித்தார். மறுபடியும் மடித்தார்.

“காலமை சம்மாட்டி வலைக்குக் கூப்பிடேல்லை,” என்றார். “இண்டைக்கு ஆள் போதும் எண்டு சொல்லி விட்டவர். எப்பவும் ஆள் போதாத வலை அது. அதுதான் தூண்டிலோட தனியப் போனவர். நான் வேற ஒண்டும் நினைக்கேல்லை.”

இருவரும் கரைக்கு நடந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் திரும்பும் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். அவரைக் காணவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் எங்கள் முகத்தைப் பாராமல், “வருவார்,” என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். நான் பாட்டைப் பதிவு செய்த நாளில் எனக்கு வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் அவர்.

“அந்தப் பாட்டை ஆப்பில இருந்து எடுங்கோ,” என்றார் அக்கா.

“அவரைக் கேக்காமலோ, அக்கா? அது அவரின்ர பாட்டெல்லோ.”

“பாட்டு அவரின்ர. அவர் என்ர.”

செயலியைத் திறந்தேன். பதிவின் கீழே புதிதாகச் சிலர் பாராட்டு எழுதியிருந்தார்கள். ‘குரலுக்காகவே கேட்கலாம்’ என்று ஒருவர். ‘அடுத்த பாட்டு எப்போது?’ என்று இன்னொருவர். அப்படிக் கேட்டவர் யார்? பெயருக்குப் பதிலாக ஒரு மீன் படம் இருந்தது. இந்தப் பாட்டு நீங்கினால், கடல் செத்துக்கொண்டிருப்பதை ஊருக்குச் சொன்ன ஒரே குரலும் நீங்கும். அந்த மனிதர் திரும்பி வந்து, தன் மச்சானுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கச் செய்த ஒன்றை நான் பறித்துவிட்டதாகக் கேட்டால் என்ன சொல்வேன்? விட்டு வைத்து, அவர் திரும்பி வராவிட்டால் யாரிடம் என்ன சொல்வேன்?

அப்போது கடலுக்குள் அது கேட்டது. பெரிய சத்தமன்று. தூரத்தில் ஒரு கனத்த கதவை மூடியதுபோல. காதுக்கு வருமுன்பே மணல் வழியாகப் பாதத்துக்கு வந்துவிட்டதாக எனக்கு இன்றும் நினைப்பு. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

நான் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘நீக்கினால் மீளப் பெற முடியாது. உறுதிதானா?’ என்று திரை கேட்டது. அந்த வசனத்தை எழுதியவள் நானே. மீண்டும் அழுத்தினேன்.

வெயில் சாய்ந்தபின்பு, வடக்குப் பக்கமாக ஒரு சிறிய படகு வந்தது. எஞ்சின் சத்தத்திலேயே அக்கா அறிந்துகொண்டார். இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று, படகு நெருங்கியதும், “உனக்கொரு பாட்டு! உனக்கொரு மச்சான்!” என்று அதன் பக்கத்தில் உள்ளங்கையால் அடித்தார். அழவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார்.

அண்ணனுக்கு உடலில் ஒரு காயமும் இல்லை. படகை ஏற்றியதும் மணலில் அமர்ந்தார். தண்ணீர் கேட்டார். குரல் கட்டியிருந்தது.

“சிவப்புக்கோடு வந்தவங்கள்,” என்றார். “தொடேல்லை. ஏசவுமில்லை. எஞ்சினை மெதுவாக்கி என்னைச் சுத்திச் சுத்தி வந்தவங்கள். ஒருத்தன் என்ர பாட்டைப் பாடினான். ஒரு சொல்லும் பிழைக்கேல்லை. பாடிப்போட்டு, ஏலேலோவுக்கு என்னைப் பாப்பான். நான் பேசாமல் இருந்தா இன்னும் கிட்ட வருவாங்கள், போட் ஆடும். நான் ஏலேலோ எண்டு சொன்னாத்தான் அடுத்த வரி. என்ர பாட்டுக்கு என்னைக் கொண்டே பின்பாட்டுப் பாடுவிச்சாங்கள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு வெடி போட்டாங்கள்.”

கயிறு இழுப்பவர்களின் ஒழுங்கை அவர்களும் அறிந்திருந்தார்கள். முன்குரல் வந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற அந்த ஒழுங்கைத்தான் கையில் எடுத்திருந்தார்கள்.

“அண்ணன், நான் அதை எடுத்திட்டன்,” என்றேன். “உங்களிட்டக் கேக்கேல்லை.”

அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்தார். “மச்சான் கேட்டவனோ?” என்றார்.

“கேட்டவர். மூண்டு தரம் பகிர்ந்திருந்தவர்.”

“அது போதும்.” பிறகு, “ஆனா தங்கச்சி, அவங்கட போனில இருக்குது. அதை உங்களால எடுக்க ஏலாதெல்லோ,” என்றார்.

ஏலாது என்றேன்.

இருட்டுமுன் அக்கா என்னைப் பிரதான வீதிவரை கொண்டுவந்து விட்டார். நான் செய்தது சரியா என்பதை அன்றிரவும் அதன் பின்பும் பலமுறை எடைபோட்டிருக்கிறேன். தட்டு ஒரு பக்கம் நிற்பதில்லை. தோழி என்னைக் குறைகூறவில்லை. குழுவின் மனுக்கள் மறுபடியும் வெறும் கடதாசியாகப் போகின்றன. செத்த மீன் இன்னும் கரையொதுங்குகிறது.

அண்ணன் இப்போது பேருந்தில் குச்சவெளிப் பக்கம் போய் வேறொரு வலையில் கயிறு இழுக்கிறார். முன்குரல் எடுப்பதில்லை, மற்றவர்களோடு சேர்ந்து ஏலேலோ மட்டும் சொல்கிறார். என் செயலியில் கப்பல்கள், மணி, பாங்கு, மான்கள் எல்லாம் இருக்கின்றன. கரைவலைப் பாட்டு ஒன்றும் இல்லை. பகலிலும் நான் படலைக் கொளுக்கியைப் போட்டே வைத்திருக்கிறேன்.